முன்பின் பார்த்திராத சேறு

ஜூலைத் தொடக்கத்திலேயே தகப்பன் கிளம்பிவிடுகிறது. வட சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் அப்போதுதான் பனி உருகி முடிந்திருக்கும். பாசியும் புல்லும் மண்டிய ஈரத் தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் நான்கு முட்டைகள். அடைகாப்பது தாய் மட்டுமே. பொரிந்த அன்றே குஞ்சுகள் எழுந்து நடந்து, தாமே பூச்சி பிடித்துத் தின்னத் தொடங்கிவிடும். தாய் குளிரில் அணைத்துக்கொள்ளும், நரி வந்தால் குரல் கொடுக்கும், அவ்வளவுதான். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துப் பறக்க வரும் சமயத்தை ஒட்டி அதுவும் தெற்கே போய்விடுகிறது.

மிஞ்சுவது குஞ்சுகள் மட்டும். ஆகஸ்டில் தைமீரில் இரவு குளிரத் தொடங்கும்போது, பிறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத அந்தப் பறவைகள் ஒரு நாள் எழும்பி, தம் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு திசையை நோக்கிப் பறக்கின்றன. வழி தெரிந்த பெரியவர்கள் பல வாரங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். இளசுகள் ஒன்றோடொன்று கூட்டம் சேர்ந்துகொள்ளும் என்றாலும், அந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரும்பாலானவற்றுக்கும் அதுதான் முதல் பயணம்.

இது வளைமூக்கு உள்ளானின் கதை. சுமார் 60 கிராம் எடை, நுனி கீழ்நோக்கி வளைந்த நீண்ட கறுத்த அலகு. கரையோரச் சேற்றில் வாழும் உள்ளான்கள் பலவற்றுக்கும் இலையுதிர்கால வலசை ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. முதலில் ஒரு பாலினம், பிறகு மற்றொன்று, கடைசியில் பிள்ளைகள். கொக்குகளிலும் வாத்துகளிலும் பெரியவை முன்னே பறக்க இளையவை பின்தொடர்ந்து வழி கற்கும் இனங்கள் உண்டு. உள்ளான்களுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. பெரியவை சீக்கிரம் போய்விடுவதால் குறுகிய கோடையின் பூச்சிகள் குஞ்சுகளுக்கு மிஞ்சுகின்றன என்பது ஒரு விளக்கம். தெற்கே போய்ப் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவை வளர்க்க அவற்றுக்கு நீண்ட காலம் தேவைப்படுகிறது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இந்த இளம் பறவைகளை வழியில் நிறுத்திப் பார்க்க ஆசியாவில் நல்ல இடங்களில் ஒன்று ஹாங்காங்கின் மாய் போ. நகரத்தின் வடமேற்கு மூலையில், ஷென்ஜென் நதி கடலில் கலக்கும் டீப் பே என்ற ஆழமற்ற வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இது கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே விழுகிறது. ஆனால் குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து இறங்கும் வறண்ட வடகாற்று நேரே இங்கு வந்து சேர்வதால் இதன் தட்பவெப்பம் துணைவெப்பமண்டல வகையாகவே இருக்கிறது. கோடையில் புழுக்கமும் புயல் மழையும், குளிர்காலத்தில் போர்வை தேடும் குளிரும். செப்டம்பர் பிற்பாதியில் அந்த வடகாற்றின் முதல் வீச்சு வரும். பறவைகளும் அதன் முதுகில் ஏறித்தான் வருகின்றன.

மாய் போவுக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் குழு முதலில் எடுத்துப் பார்ப்பது கடல் ஏற்ற அட்டவணையை. தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் சேற்று வெளி கண்ணுக்கெட்டாத தூரம் விரிந்திருக்கும், பறவைகள் அதன் மறுகோடியில் புள்ளிகளாக இருக்கும். ஏற்றம் தொடங்கியபின் கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் சேறு மூழ்கி, பறவைகள் எழும்பிப் போயிருக்கும். ஏற்றத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு தண்ணீரே பறவைகளை அடி அடியாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

சேற்றின் விளிம்புக்குப் போகும் பாதையே ஓர் அனுபவம். இது எல்லைப் பகுதி. காவல் வேலியில் இருக்கும் ஒரு கதவைத் தாண்டித்தான் போக வேண்டும், அதற்குத் தனி அனுமதிச்சீட்டு உண்டு. கதவுக்கு அப்பால் அலையாத்திக் காடு. அதன் நடுவே மிதவைகளின் மேல் கட்டிய ஒடுங்கிய மரப்பாதை, தண்ணீர் ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கிக் கிடக்கும். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், எல்லோரும் நின்றால் பாதை மெல்ல ஆடும். கீழே சேற்றில் துள்ளும் மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள். பாதையின் முடிவில் மிதக்கும் மரக் குடில். அதன் நீண்ட சன்னலைத் திறந்தால் எதிரே சேறு, சேற்றுக்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் ஷென்ஜென் நகரத்தின் வானுயர்ந்த கட்டடங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் அது. அதன் முன்னால் ஆயிரக்கணக்கான உள்ளான்கள் குனிந்த தலை நிமிராமல் இரை தேடுகின்றன.

குடிலுக்குள் நடப்பது பெரும்பாலும் தணிந்த குரல் பேச்சு. ஒருவருக்குக் கிடைத்த பறவை மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்றால் அடையாளம் சொல்ல வேண்டும்: சேற்றில் நட்ட கம்புக்கு இடப்புறம், பவளக்காலிக்குப் பின்னால், இப்போது தலை நிமிர்கிறதே, அது. தொலைநோக்கியில் பறவையைப் பிடித்தவர் விலகி நிற்க, அடுத்தவர் குனிந்து பார்ப்பார். தனியாக வருவதைவிடக் குழுவாக வருவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தச் சேற்றில் இருக்கிறது. கொசு உள்ளான், மணல் உப்புக்கொத்தி, பச்சைக்காலி, கருவால் மூக்கன் எல்லாம் கலந்து மேயும் கூட்டத்தில் ஒரு ஜோடிக் கண்ணுக்குத் தப்புவது மறு ஜோடிக்குத் தட்டுப்படும். காலில் வண்ணப் பட்டை கட்டிய பறவை ஒன்று நடந்துவந்தால் குடிலே அமைதியாகிவிடும். ஆரஞ்சுப் பட்டை என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிடித்துக் கட்டியது. மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா. மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் என்றால் ஷாங்காய் அருகிலுள்ள சோங்மிங் தீவு. பட்டையில் பொறித்த எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த ஒரு பறவையின் கதை தனியே தெரிந்துவிடும்.

பலர் இந்தச் சேற்றுக்கு ஏப்ரலில் வரவே விரும்புவார்கள். அப்போது எண்ணிக்கையும் அதிகம், வடக்கே போகும் வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் சிவப்பில் பளபளக்கும். செப்டம்பரில் எல்லாமே சாம்பலும் பழுப்பும். என்னைக் கேட்டால் செப்டம்பருக்கே வரச் சொல்வேன். அந்தச் சாம்பல் பழுப்புக்குள் வயது எழுதியிருக்கிறது.

பார்க்க வேண்டியது முதுகை. வளர்ந்த பறவையின் இறகுகள் இந்த நேரத்தில் ஓராண்டுப் பயணத்தில் தேய்ந்து, விளிம்பு பிய்ந்து, புதியதும் பழையதும் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும். வயிற்றில் கோடைச் சிவப்பின் மிச்சம் அங்கங்கே ஒட்டியிருக்கும். இளம் பறவையின் இறகுகளோ எல்லாமே ஒரே சமயத்தில் முளைத்தவை, சில வாரங்கள்தான் ஆனவை. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் ஜரிகைக் கரை போட்டதுபோல வெளிறிய மெல்லிய விளிம்பு ஓடும், அதனால் முதுகு முழுவதும் ஒழுங்கான செதில் வரிசையாகத் தெரியும். மார்பில் இளம் மாம்பழ நிறத்தில் லேசான பூச்சு. ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் மறக்காது. பழகியபின் கூட்டத்தைத் திரும்பப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் அங்கே மேய்பவற்றில் பெரும்பகுதி இந்தச் செதில் முதுகுகள்தான். தைமீருக்கும் இந்தக் குடிலுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 6,000 கிலோமீட்டர். வழியைச் சொல்லித் தர ஒருவரும் இல்லாமல் வந்து சேர்ந்த குழந்தைகள் இவை.

எப்படி வந்தன?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில்களில் ஒன்று வேறொரு பறவையிடமிருந்து கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்டெக் என்ற ஆய்வாளர், மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளை வைத்து ஒரு சோதனை செய்து 1958-இல் முடிவை வெளியிட்டார். இலையுதிர்காலத்தில் நெதர்லாந்தின் வழியாகத் தென்மேற்கே போய்க்கொண்டிருந்த 11,000-க்கும் மேற்பட்ட பறவைகள் பல ஆண்டுகளில் பிடிக்கப்பட்டு, வளையமிடப்பட்டு, விமானத்தில் ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. முன்பே ஒருமுறை பயணம் செய்திருந்த வளர்ந்த பறவைகள், தாங்கள் இடம் மாற்றப்பட்டதை எப்படியோ உணர்ந்து, வடமேற்கே திரும்பித் தங்கள் வழக்கமான குளிர்கால இடங்களை நோக்கிப் போயின. முதல் பயணத்தில் இருந்த இளம் பறவைகள் திரும்பவில்லை. நெதர்லாந்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தனவோ அதே திசையில் தொடர்ந்து பறந்து தெற்கு பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின.

அதாவது இளம் பறவையிடம் இருப்பது எந்தத் திசையில், எவ்வளவு காலம் என்ற இரண்டு விவரங்கள். போய்ச் சேரும் இடம் எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. அந்த இரண்டும் பிறப்பிலேயே வருகின்றன என்பதற்கும் சான்று உண்டு. ஐரோப்பாவின் பிளாக்கேப் என்ற கதிர்க்குருவியில், மேற்கே வாழ்பவை தென்மேற்காகவும் கிழக்கே வாழ்பவை தென்கிழக்காகவும் வலசை போகும். இரண்டையும் இணைசேர்த்துக் கூண்டில் பிறந்த குஞ்சுகளை ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் சோதித்தார். 1991-இல் வெளியான முடிவு: குஞ்சுகள் இரண்டுக்கும் நடுவே, தெற்கு நோக்கித் திரும்பின. தகப்பன் திசையும் தாய் திசையும் ரத்தத்தில் கலந்து மூன்றாவதாக ஒரு திசை பிறந்திருந்தது. காலத்துக்கும் அப்படியே. கையில் வளர்த்த வேறொரு கதிர்க்குருவி, வானத்தையே காணாத கூண்டுக்குள், வலசைப் பருவத்தின் முற்பாதியில் ஒரு திசையிலும், காட்டுப் பறவைகள் ஸ்பெயினைத் தாண்டித் திரும்பும் அதே காலத்தில் மறுதிசையிலும் துடித்ததை க்வின்னரும் வில்ச்கோவும் 1978-இல் காட்டினார்கள்.

திசையைப் பிடித்துக்கொள்ளச் சூரியன், நட்சத்திரங்கள் சுழலும் அச்சு, பூமியின் காந்தப்புலம் மூன்றும் உதவுகின்றன. காந்தப்புலத்தைப் பறவை கண்ணாலேயே உணர்கிறது என்ற கருத்து வலுத்துவருகிறது. விழித்திரையில் இருக்கும் கிரிப்டோகுரோம்-4 என்ற புரதம் ஒளிபட்டதும் காந்தத்துக்கு உணர்வுடையதாகிறது என்று, ஐரோப்பிய ராபினின் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்தெடுத்து 2021-இல் காட்டினார்கள். உயிருள்ள பறவையின் கண்ணுக்குள் அதுவேதான் நடக்கிறதா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனாலும் வடக்கைப் பார்ப்பதற்கு ஓர் உயிருக்கு ஒளி தேவைப்படலாம் என்ற எண்ணமே எனக்குப் போதுமான வியப்பு.

இளம் பறவை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இப்போதைக்கு உச்ச எல்லை ஒன்று பதிவாகியிருக்கிறது. 2022 அக்டோபரில், 234684 என்ற எண்ணுள்ள செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி 11 நாள் இரவு பகல் இறங்காமல் பறந்து, 13,560 கிலோமீட்டர் கடந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. வழி முழுக்கப் பசிபிக் பெருங்கடல். அந்தப் பறவைக்கு அப்போது வயது ஏறத்தாழ ஐந்து மாதம்.

இப்படிப் பறக்கும் உடம்பு புறப்படும் முன்பே மாறிவிடுகிறது. அலாஸ்காவிலிருந்து கிளம்பிய உடனே ஒரு ரேடார் கூண்டில் மோதி இறந்த இளம் பட்டைவால் மூக்கன்களை பியர்ஸ்மாவும் கில்லும் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றின் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு இருந்தது. இரைப்பை, ஈரல், குடல் எல்லாம் சுருங்கிப்போயிருந்தன. பறக்கும்போது தின்னப் போவதில்லை. தின்னும் உறுப்புகளைச் சுமந்து போவானேன்? அதனால்தான் ஒரு பறவை சேற்றில் வந்து இறங்கியதும் உடனே கொழுத்துவிட முடிவதில்லை. கொழுக்கும் முன் வயிற்றையே திரும்பக் கட்ட வேண்டும். வலசைப் பறவை தங்கிப் போகும் இடத்தில் நாலு நாள் தொந்தரவு செய்தாலும் அது பெரிய இழப்பு என்று பறவையாளர்கள் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆகவே சேறு சும்மா சேறாக இருந்தால் போதாது. வளைமூக்கு உள்ளான் அலகைச் சேற்றுக்குள் செலுத்தியபின், அலகை முழுவதும் திறக்காமல் நுனியை மட்டும் விரித்துப் புழுவைப் பற்றும். அந்த நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், கண்ணுக்குத் தெரியாத இரையைத் தொட்டே கண்டுபிடிக்கிறது. சிறு உள்ளான்களில் சில, சேற்றின் மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து படியும் வழவழப்பான படலத்தையே நாக்கால் வழித்துத் தின்கின்றன என்பது 2008-இல் தெரிய வந்தது. ஒரு பறவை அந்தப் படலத்தை மேய்ந்து வாழும் என்பது அதற்குமுன் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் நனைத்துக் காயவிடும் தட்டையான சேற்றில்தான் இந்த விருந்து பரவியிருக்கும்.

இங்கேதான் பரம்பரையாக வந்த அறிவின் எல்லை வருகிறது. திசையும் காலமும் முட்டைக்குள்ளேயே வந்துவிட்டன. வழியில் சேறு இருக்கிறதா என்பது வரவில்லை. முன்னோர்கள் எந்தத் திசையில் போய்ப் பிழைத்தார்களோ அந்தத் திசையைத்தான் குஞ்சு சுமக்கிறது. சென்ற ஆண்டு அங்கே கட்டிய சுவர் அதற்குத் தெரியாது.

சுவர்கள் நிறையவே எழுந்தன. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஐம்பது ஆண்டுகளில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களையும் பழைய வரைபடங்களையும் ஒப்பிட்டுக் கணித்திருக்கிறார்கள். தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தின் குறுக்கே 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டது. அங்கே தங்கிப் போன கிரேட் நாட் என்ற உள்ளான்கள் பக்கத்துக் கரைகளுக்கு மாறிக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. பல்லாயிரம் பறவைகள் எங்குமே திரும்பத் தென்படவில்லை. ஆஸ்திரேலியாவில் எண்ணியவர்களின் தாள்களிலும் குறைந்துபோயின. வளைமூக்கு உள்ளானை ஆஸ்திரேலியா 2015-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. எண்ணிக்கை குறைந்ததை முதலில் உரக்கச் சொன்னவர்கள் வருடந்தோறும் ஒரே கரையில் நின்று எண்ணிய குழுக்கள்தான். அரசுகளும் பிறகு அசைந்தன. சீனா 2018-இல் வணிகத்துக்காகக் கடற்கரையை நிரப்புவதை நிறுத்தியது. மஞ்சள் கடலின் சில சேற்றுக் கரைகள் 2019-இலும், கொரியப் பக்கத்துக் கரைகள் 2021-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மாய் போ தப்பியது தற்செயலல்ல. அது ஒரு பழைய தொழிலால் தப்பியது. 1940-களில் அலையாத்திக் கரையில் வரப்பு கட்டி, கெய் வாய் என்ற இறால் குளங்களை அமைத்தார்கள். ஒவ்வொரு குளத்துக்கும் கடல் பக்கம் ஒரு மதகு. ஏற்றத்தில் மதகைத் திறந்தால் இறால் குஞ்சுகள் தாமே உள்ளே வரும். அலையாத்தி இலை உதிர்ந்து மக்கியதைத் தின்று வளரும். வற்றத்தில் இரவு நேரத்தில் மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள். தீனி வாங்கிப் போட வேண்டியதில்லை, காட்டை வெட்ட வேண்டியதும் இல்லை. குளிர்காலத்தில் மீன் பிடிப்பதற்காகக் குளத்தை வற்ற வைக்கும்போது மிஞ்சும் சிறு மீன்கள் நாரைகளுக்கும் கரண்டிவாயன்களுக்கும். 1983 முதல் இந்தக் குளங்களை உலக இயற்கை நிதியத்தின் ஹாங்காங் கிளை பராமரிக்கிறது; 1995-இல் வளைகுடாவோடு சேர்த்துச் சுமார் 1,500 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமானது. இன்று ஒவ்வொரு குளத்தின் நீர்மட்டத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்குகிறார்கள். வளைகுடாவில் சேறு மூழ்கும் நேரத்தில் உள்ளான்கள் காலூன்றி ஓய்வெடுக்க ஒரு குளம் ஆழமில்லாமல் காத்திருக்க வேண்டும். குடிலை விட்டுத் திரும்பும் குழு அடுத்துப் போவது அந்தக் குளத்தங்கரைக்கே. சற்றுமுன் சேற்றில் பார்த்த கூட்டம் அங்கே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும்.

அக்டோபரில் இதே குளங்களுக்குக் கருமுகக் கரண்டிவாயன்கள் வரத் தொடங்கும். 1990-ஐ ஒட்டி உலகம் முழுவதும் 300-க்கும் குறைவாக எண்ணப்பட்ட பறவை அது. 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,000. தங்குமிடங்களைக் காத்தால் பலன் கிடைக்கும் என்பதை இந்த வலசைப்பாதையில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய எண்கள் குறைவு.

குளத்தங்கரையில் பறவைகள் அசையாமல் நிற்பதால் எண்ணுவது எளிது. அனுபவமுள்ளவர்கள் வளைமூக்கு உள்ளான்களை ஒரே தொகையாக எழுதுவதில்லை. செதில் முதுகு எத்தனை, திட்டு முதுகு எத்தனை என்று பிரித்து எழுதுவார்கள். அந்த விகிதத்தில் தைமீரின் கோடை தெரியும். அங்கே லெமிங் என்ற எலி இனம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பிறகு சரியும். பெருகிய ஆண்டில் துருவ நரிகள் எலியைத் தின்று வயிறு நிறைந்து உள்ளான் கூடுகளை விட்டுவிடும். எலி சரிந்த ஆண்டில் அந்த நரிகளே முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்னும். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, கரைகளில் செதில் முதுகுகள் அரிதாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் எண்ணியவர்களின் குறிப்புகளிலிருந்துதான் எலிக்கும் உள்ளானுக்கும் உள்ள இந்தத் தொடர்பே வெளிச்சத்துக்கு வந்தது.

வளைமூக்கு உள்ளான் நம் கரைக்கும் வருகிறது. கோடியக்கரையின் உப்பளங்களிலும் பழவேற்காட்டின் சேற்றிலும் ஆகஸ்டிலேயே பெரியவை இறங்கிவிடும், பின்னால் இளசுகள் வரும். அவற்றில் பல, அடுத்த கோடையில் வடக்கே திரும்பாமல் தெற்கிலேயே தங்கி, இன்னும் ஓராண்டு வளர்ந்தபின்தான் முதன்முறையாகத் தாம் பிறந்த இடத்தை நோக்கிக் கிளம்பும். அவற்றின் வயதைப் பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள் செப்டம்பர், அக்டோபரில் போக வேண்டும். வெளிறிய விளிம்புகள் அதற்குப் பிறகு உதிரத் தொடங்கும்; டிசம்பரில் போனால் பெரியதும் சிறியதும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.